ஏழு வருசத் தூரம்

சுள்ளியேந்தலின் முட்டுவீடு நகரத் தொடங்கியிருக்கிறது என்பதை முதலில் கண்டவள் சீனியம்மாவின் மாமியார்தான். அவளும் அதை அதிசயமாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னாள். தினமும் காலையில் கஞ்சிச் சட்டியைக் கொண்டுவந்து வாசலை ஒட்டிக் கிடந்த தட்டைக் கல்லில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது அவள் வழக்கம். அன்று வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கல் இருந்த இடத்தில் இருந்தது, வாசல்தான் இருந்த இடத்தில் இல்லை. உள்ளேயிருந்து மருமகள் கையை நீட்டினாள், சட்டிக்கு ஒரு தப்படி குறைந்தது. எவனோ கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே மாமியார் கல்லை வாசலுக்கு உருட்டினாள். மறுநாளும் ஒரு தப்படி குறைந்தது. பத்து நாள் கல்லை உருட்டி இடுப்பு வலி கண்ட பிறகுதான் குழாயடியில் வந்து, நகர்வது கல் இல்லை, வீடு என்று சொன்னாள்.

முட்டுவீடு என்பது ஊர்க் கடைசியில், ஒரு ஆள் குனிந்து நுழையும்படி பனையோலை வேய்ந்து போட்ட ஒற்றை அறை. மாதவிலக்கான பெண்கள் ஐந்து நாளும், பிள்ளை பெற்றவள் முப்பது நாளும் அங்கேயிருந்து, எல்லாம் நின்று, தலைக்குக் குளித்த பிறகுதான் ஊருக்குள் கால் வைக்க வேண்டும். நிற்காமல் உள்ளே வந்தால் கண்மாய் வற்றிப்போகும் என்று ஊர் நம்பியது. கண்மாய் எப்படியும் வருசத்தில் எட்டு மாதம் வற்றித்தான் கிடந்தது, அதற்கு யாரும் காரணம் தேடவில்லை.

சீனியம்மா இரண்டாவது பிரசவத்துக்கு அந்த வீட்டுக்குள் போனவள். மூன்று நாள் வலி. மருத்துவச்சி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டேயிருக்க, மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல நிறமாக, தலை நிறைய முடியோடு, மூச்சு இல்லாத ஒரு பையன் வந்தான். அவனைப் புதைத்த ஐந்தாம் நாள் அவளுக்குச் சிறுநீர் தன் போக்கில் ஒழுகத் தொடங்கியது. நின்றால் ஒழுகியது, உட்கார்ந்தால் ஒழுகியது, பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டினாலும் அரைமணி தாங்கவில்லை. முப்பது நாளில் நின்றுவிடும் என்றார்கள், பிறகு தொண்ணூறு நாளில் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பிரசவத் தீட்டு வேறு, இது வேறு என்று பிரித்துச் சொல்ல அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நிற்கவில்லை என்றால் தீட்டுக் கழியவில்லை, கழியவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது. சீனியம்மாவும் அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள்தானே, அவளுக்கும் அதில் சந்தேகம் ஏதும் வரவில்லை.

முட்டுவீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே எண்பது தப்படிதான் இருந்தது. அங்கே அவளுடைய மூத்த மகள் பாண்டிமீனா, ஐந்து வயது, தகப்பன் காத்தமுத்துவோடும் பாட்டியோடும் இருந்தாள். சின்னப் பிள்ளைகள் முட்டுவீட்டுப் பக்கம் வரக்கூடாது. ஆனால் சத்தத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காலையில் பாட்டி சிக்கெடுக்கும்போது பாண்டிமீனா போடுகிற கூப்பாடு அப்படியே வந்துவிடும். சீனியம்மா வாசலில் உட்கார்ந்து, மெதுவா எடுக்கலாம்ல, நுனியில இருந்து எடுக்கலாம்ல என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, காற்றில் விரலால் அந்த முடியைக் கோதுவாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். மகளின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடு தினம் ஒரு தப்படி போனது. அரவம் எதுவும் இல்லை, குலுக்கல் இல்லை, உள்ளே அடுப்பில் ஏற்றிய உலை ததும்பவில்லை, சீனியம்மா கூட அதை உணர்ந்தது கிடையாது. பொழுது விடிந்தால் வீடு நேற்றைய இடத்தை விட்டு ஊருக்கு முதுகு காட்டாமல், வாசல் ஊரைப் பார்த்தபடியே, பின்னால் போயிருக்கும். பெரிய மனிதர் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பாமல் பின்வாங்கிப் போகிற வேலைக்காரனைப் போல மரியாதையாகத்தான் போனது.

ஊர் கூடிப் பேசியது. காத்தமுத்து வடக்கயிறு கொண்டுவந்து வீட்டைப் பனைமரத்தில் கட்டிப் பார்த்தான், மறுநாள் கயிறு ஒரு தப்படி நீண்டிருந்தது. கோடாங்கியிடம் கேட்டார்கள், அவர் உடுக்கையை அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு என்ன தோணுதோ அதை நாம் எப்படிச் சொல்வது என்றார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாரும் அவளைத் தள்ளவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வீடு தானாகப் போகிறது, ஆகையால் ஊரின் மேல் பாவம் இல்லை. இந்த முடிவு எல்லோருக்கும் பிடித்திருந்தது. அன்றைக்குச் சுள்ளியேந்தலில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீடு நகர்வது மழை பெய்வது, ஆடு குட்டி போடுவது மாதிரி ஒரு காரியமாகிவிட்டது. மாதம் ஒருமுறை நான்கு ஆண்கள் அளவுகயிறோடு வந்து அளந்து, முப்பதோ முப்பத்தொன்றோ சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிப்ரவரியில் இருபத்தெட்டு வந்தபோது அவர்களுக்கு அந்த வீட்டின் மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது. ஆட்டுக்காரர்கள் அதை வைத்துக் காலம் சொன்னார்கள். வீடு ஓடையைத் தாண்டின சமயத்தில் வாங்கின கிடாய், வீடு ஒத்தப்பனைக்கு வருவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றெல்லாம் பேச்சு புழங்கியது. ஓட்டுப் போடும் பட்டியல் எழுத வந்த வாத்தியார், கதவு எண் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, பென்சிலால் எழுதிக்கொண்டு போனார்.

முதல் ஒன்றரை வருசம் சீனியம்மாவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. மாதவிலக்கான பெண்கள் எப்படியும் அங்கேதானே வந்தாக வேண்டும். வருகிறவர்கள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாலும், இரண்டாம் நாளுக்குள் மூக்குப் பழகி வாய் திறந்துவிடும். பாண்டிமீனாவுக்கு முன்பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, பேன் தொல்லைக்கு மொட்டை போட்டது, மொட்டைத் தலையோடு கண்ணாடி பார்த்து அழுதது, எல்லாச் செய்தியும் அவர்கள் வாய்வழிதான் வந்தது. சீனியம்மா ஒரே செய்தியை மூன்று பேரிடம் மூன்று தரம் கேட்பாள். எந்தப் பக்கத்துப் பல், வலதா இடதா என்று கேட்பாள். ஒருத்தி வலது என்பாள், ஒருத்தி இடது என்பாள், அவள் இரண்டையும் மனசுக்குள் விழ வைத்து, இரண்டையும் முளைக்க வைப்பாள்.

ஆனால் தூரம் கூடக்கூட அந்தப் பெண்களுக்கு வெயிலில் நடப்பது சிரமமாக இருந்தது. அவர்கள் முணுமுணுத்தார்கள், ஊர் காதில் போட்டுக்கொண்டது, பழைய இடத்திலேயே புதிதாக ஒரு முட்டுவீடு கட்டினார்கள். இது சிமெண்டு. முன் அனுபவம் இருந்ததால் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டிக் கல்லும் கம்பியும் போட்டு, எங்கேயும் போக முடியாதபடி அஸ்திவாரம் எழுப்பினார்கள். அதோடு சீனியம்மாவுக்குச் செய்தி வருவது நின்றது. சிக்கெடுக்கும் கூப்பாடும் அதற்கு முன்பே, ஒரு ஆடி மாதக் காற்றில் கரைந்துபோயிருந்தது. கடைசியாகக் கேட்டது எந்த நாள் என்று அவளுக்குத் தெரியாது. கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாகக் கேட்டிருப்பாள்.

மாமியார் வருவதை நிறுத்தினாள். காத்தமுத்து மட்டும் மாதம் ஒருமுறை அரிசியைக் கொண்டுவந்து கூப்பிடு தூரத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு போவான். மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. சொல்ல ஒன்றும் இல்லாத ஆள், அவ்வளவுதான். அரிசி பாதி நாளைக்குத்தான் வரும். மீதி நாளைக்குச் சீனியம்மா சுற்றியிருந்த வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தாள், வீடு போகிற வழியில் மூட்டமும் பின்னாலேயே போனது. கரி லாரிக்காரர்கள் முகம் சுளிக்காமல் வந்து ஏற்றிக்கொண்டு, அரிசி பருப்பு இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் கரியில்தான் சுள்ளியேந்தல் டீக்கடையில் பால் கொதித்தது. கரிக்குத் தீட்டு இல்லை என்று யார் முடிவு செய்தது என்று தெரியவில்லை, ஆனால் முடிவு செய்திருந்தார்கள்.

மூன்றாம் வருசம் ஒரு தை மாதத்தில், ஊரில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் எத்தனை தூரமானாலும் வரும். பாட்டு ஓடி முடிந்து, மாப்பிள்ளை பேரைச் சொன்னபோது காற்று திரும்பிவிட்டது. மறுபடி காற்று வந்தபோது பெண்ணின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேள்விப்படாத பேர். மாப்பிள்ளை யாராயிருக்கும் என்று சீனியம்மா கரி அள்ளிக்கொண்டே யோசித்தாள். அடுத்த மாதம் அரிசி கொண்டுவந்த காத்தமுத்து புதுவேட்டி கட்டியிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வீடு இரண்டு தப்படி போயிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன்மேல் இல்லை, பாண்டிமீனாவுக்கு இனி யார் தலை சீவி விடுவார்கள் என்பதை அவன் சொல்லாமல் போனதன்மேல்.

ஆறாம் வருசத் தொடக்கத்தில், ஊர் இருக்கிற திசைக்கு எதிர்த் திசையில், பொட்டலின் கோடியில் ஒரு புள்ளியைப் பார்த்தாள். மாடு என்று நினைத்தாள், மேயவில்லை. புதர் என்று நினைத்தாள், ஒரு வாரத்தில் கொஞ்சம் பெரிதாயிருந்தது. ஒரு மாதம் கழித்து அதற்குக் கூரை இருப்பது தெரிந்தது, இரண்டு மாதம் கழித்து அதன் பக்கவாட்டில் ஒருத்தி நிற்பது தெரிந்தது. அதுவும் பின்னால் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வீடு, கடற்கரைப் பக்கமிருந்து வந்த தென்னங்கீற்றுக் கொட்டகை. இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியபடி நெருங்கின. அந்தப் பெண்ணும் இவளும் முதலில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு, மழை பெய்யுமா, அங்கே காற்று எப்படி என்று கத்திப் பேசிக்கொண்டார்கள். அவள் பேர் ரகுமத்பீவி என்று தெரிய நாலு மாதமும், அவளுக்கு மூன்று பிள்ளைகள் என்று தெரிய இன்னும் ஒரு மாதமும் ஆயின. இருபது தப்படி தூரம் மீதியிருந்தபோது சீனியம்மா சுட்ட கிழங்கு இரண்டை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தாள்.

"வராத தாயி, அங்கனயே நில்லு," என்றாள் ரகுமத்பீவி. "எனக்கு நிக்காம ஒழுகிக்கிட்டே இருக்கு. வாடை அடிக்கும்."

சீனியம்மா நின்றுவிட்டாள். கையில் கிழங்கு சுட்டது.

"எனக்குந்தான்க்கா," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் எவ்வளவு நேரம் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆறு வருசமாகத் தன் மேல் இன்னொரு ஆளின் கை படாத உடம்பு இரண்டு, அவை அழுத அழுகையில் கிழங்கு கீழே விழுந்ததுகூட இருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருசம் முடிவதற்குள் இன்னும் மூன்று வந்து சேர்ந்தன. ஒன்று மாட்டுக்கொட்டம், ஒன்று மலைப்பக்கத்து ஊரின் மண்சுவர் அறை, ஒன்று வெறும் தார்ப்பாய்க் கூடாரம், கம்புகளோடு அப்படியே நகர்ந்து வந்தது. ஐந்து ஊரின் எல்லையும் முடிந்து, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத இடம் எதுவோ, அந்த இடத்தில் ஐந்து வீடும் முதுகோடு முதுகு ஒட்டியதும் நின்றன. அதன்பிறகு ஒரு விரல்கடை கூட அசையவில்லை. ஐந்து பேரும் ஒரே அடுப்பில் பொங்கினார்கள், ஒரே கயிற்றில் துணி காயப்போட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக வாசல் இருந்ததால், சாயங்காலமானால் ஒவ்வொருத்தியும் அவரவர் ஊரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

ரூபாவதி என்ற நர்ஸ் அவர்களைக் கண்டுபிடித்தது இப்படித்தான். டவுனில் இப்படிப்பட்ட பெண்களைத் தேடிக் கூட்டிவந்து ஆபரேசன் செய்ய உதவும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் வேலை பார்த்தாள். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், பிள்ளை பெற்ற பிறகு சிறுநீர் ஒழுகுகிற பெண் யாராவது உண்டா என்று கேட்டாள். ஐந்து ஊரிலும் இல்லை என்றார்கள். அதில் பொய்யும் இல்லை, ஐந்து ஊரிலும் அப்படி யாரும் அப்போது இல்லைதான். சுள்ளியேந்தல் டீக்கடைக்காரர்தான், பொழுது போகாமல், வந்தது வந்தீர்கள், எங்கள் ஊர் வீடு நடந்து போன இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று, சுற்றுலாத் தலம் மாதிரி வழி சொன்னார்.

ரூபாவதி வந்து, காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்தாள், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மூக்கை மூடவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு அவர்கள் சொம்பிலேயே குடித்தாள். வீடுகள் எப்படி வந்தன என்று அவர்கள் சொன்னதற்கு, சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டு, எத்தனை நாள் வலி இருந்தது என்று கேட்டாள். ஐந்து பேரும் சொன்னார்கள். இரண்டு நாள், மூன்று நாள், மூன்று நாள், நாலு நாள், இரண்டு நாள். பிள்ளையின் தலை நாள்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தி நின்றதால் உள்ளே சதை அழுகி ஓட்டை விழுந்திருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், அதைத் தைக்கலாம், இது தீட்டு இல்லை, காயம் என்றாள். சீனியம்மா அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். காயம் என்றால் தனக்குத் தெரியும். அரிவாள் பட்டால் வருவது, ஆறுவது.

வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஐந்து பேருக்கும் ஒருவருக்கொருவர்தான் ஆள். ஒருத்தி படுத்தால் ஒருத்தி கால் பிடித்தாள், ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி படுத்தாள். குழாய் வைத்துப் பதினான்கு நாள் அசையாமல் கிடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. சீனியம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். ஒழுகுவது குறையட்டும் என்று ஏழு வருசமாக நாக்கை நனைக்கிற அளவுதான் குடித்து வந்தவள். ரூபாவதி தோளைத் தட்டி, குடிங்கக்கா, நல்லாக் குடிங்க என்றாள். வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பது இவ்வளவு சுகமா என்று சீனியம்மாவுக்கு அன்றைக்குத்தான் மறுபடி தெரிந்தது.

பதினைந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். மறுநாள் காலை கண் விழித்தபோது ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று தெரியாமல் பயந்துபோய்க் கையால் தடவினாள். துணி காய்ந்திருந்தது. மறுபடி தடவினாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த ரகுமத்பீவியின் கையைப் பிடித்திழுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ரகுமத்பீவிக்கு முதல் தடவை சரியாகவில்லை, இன்னொரு தரம் தைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய துணி நனைந்துதான் இருந்தது. ஆனாலும் அவள்தான் வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுது, எங்க சீனிக்குக் காஞ்சிருச்சு என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஐந்து பேரும் அந்த ஐந்து வீட்டுக்கே திரும்பி வந்தார்கள், செய்தி சுள்ளியேந்தலுக்குப் போனது. பெரியவர்கள் கூடினார்கள். தீட்டுக் கழிந்துவிட்டது, நல்ல காரியம், இனி வீடு திரும்பி வந்துவிடும் என்று முடிவு செய்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. தானாகப் போனது தானாகத்தானே வரும். சிமெண்டு வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வந்து நிற்க ஓர் இடத்தைச் செதுக்கி, சாணி தெளித்து, மாவிலை கட்டினார்கள். குறுக்கே நின்ற வேலிக்கருவையை வெட்டி, அது தடங்கலில்லாமல் வருவதற்கு நேர்ப்பாதை போட்டார்கள். அளவுகயிறுக்காரர்கள் இப்போது தினமும் வந்தார்கள். ஒரு விரல்கடை கூட நகரவில்லை. மாவிலை காய்ந்தது, புதிதாகக் கட்டினார்கள், அதுவும் காய்ந்தது. வீட்டுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று ஊர் வருத்தப்பட்டது. காத்தமுத்து கூப்பிடு தூரத்தில் நின்று, வீடு கிளம்பினதும் சொல்லி அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனான். சீனியம்மாவும் சரி என்றாள்.

வேடிக்கை என்னவென்றால் அவளும் காத்திருந்தாள். தினமும் விடிந்ததும் முதல் வேலையாக வாசலில் நட்டிருந்த குச்சியைப் பார்ப்பாள். சுவரைத் தடவிக் கொடுத்து, கிளம்பு சாமி, பிள்ளையைப் பார்க்கணும் என்று கெஞ்சுவாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், முடி எதுவரை வளர்ந்திருக்கும், இடுப்பு வரைக்குமா, அதற்கும் கீழா என்று ஊர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். உடம்பு காய்ந்த பிறகு அந்த ஏக்கம் குறையும் என்று நினைத்திருந்தாள். அது கூடியது. முன்பு ஒழுகுகிற ஒரு காரணம் இருந்தது, இப்போது அதுவும் இல்லாமல் வெறும் ஏக்கமாக நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வந்த நாற்பதாம் நாள் மத்தியானத்துக்கு முன்னால் ரூபாவதி மாத்திரை கொடுக்க வந்தாள். சுள்ளியேந்தல் வழியாகத்தான் வந்திருந்தாள்.

"அக்கா, உங்க மக பெரியவளாயிட்டாளாம். நேத்திலிருந்து அந்தச் சிமெண்டு ரூமுல தனியா உக்கார வச்சிருக்காங்க. நீங்க போய்ப் பாக்கலையா?"

"வீடு இன்னும் கிளம்பல நர்ஸம்மா."

ரூபாவதிக்குப் புரியவில்லை. எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டாள்.

"ஏழு வருசம்," என்றாள் சீனியம்மா.

ரூபாவதி ஊர் இருந்த திசையைப் பார்த்தாள், சீனியம்மாவைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மாத்திரையைக் காலை ஒன்று மாலை ஒன்று சாப்பிடச் சொல்லிவிட்டு ரகுமத்பீவியைப் பார்க்கப் போய்விட்டாள்.

சீனியம்மா தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சீப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வாசல் குச்சியைத் தாண்டி, நடந்தாள். முதல் நூறு தப்படி வரைக்கும் யாரோ கூப்பிட்டு நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் நிறுத்தவில்லை. ஒத்தப்பனை வந்தது, ஓடை வந்தது, வீட்டுக்காகப் போட்ட நேர்ப்பாதை வந்தது, அதில் நடக்கக் காலுக்கு இதமாக இருந்தது. கழுத்தில் வேர்வை வழிவதற்குள் ஊர் வந்துவிட்டது. அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"வீடு எங்கத்தா?" என்று கேட்டார் ஒருவர்.

அவள் நேராகச் சிமெண்டு அறைக்குப் போனாள். கதவு இல்லாத வாசலில், பழைய பாயில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீனியம்மாவின் நெற்றி, காத்தமுத்துவின் மூக்கு. முடி தோள்வரைக்கும்தான் இருந்தது, சிக்குப் பிடித்து, யாரும் கவனிக்காமல் கிடந்தது. பாண்டிமீனா அவளைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டாள், ஆனால் எழுந்து வரவில்லை.

"வீடுதான நகந்துச்சு," என்றாள் பாண்டிமீனா. "ஒனக்குக் காலு இல்லையா?"

இந்தக் கேள்விக்குச் சீனியம்மாவிடம் ஏழு வருசத்துப் பதில் இருந்தது. கண்மாய் வற்றிவிடும், விதி, வாடை, ஊர், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்றைக்கூட அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"வெக்கமா இருந்துச்சுத்தா," என்றாள். "நீ மூக்கப் பொத்திக்கிட்டா என்ன செய்யிறதுன்னு பயமா இருந்துச்சு."

பாண்டிமீனா முழங்காலைக் கட்டியிருந்த கையை எடுத்தாள். பிறகு சுவர் ஓரத்தைக் காட்டினாள். சுவரை ஒட்டி, சிமெண்டு அஸ்திவாரத்தின் விளிம்பில், கரித்துண்டால் மண்ணில் ஒரு கோடு கிழித்திருந்தது. நேற்று உட்கார வைத்த உடனே கிழித்தது என்றாள். இடுப்பளவு ஆழத்துக்குக் கல்லும் கம்பியும் போட்ட அந்தச் சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே, இப்போது மூன்று விரல் நுழையும்படி மண் தெரிந்தது.

சீனியம்மா குனிந்து அந்த மூன்று விரல் அகலத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே வந்து மகளுக்குப் பின்னால் அந்தப் பாயில் உட்கார்ந்தாள், துணி எதுவும் விரிக்காமல் உட்கார்ந்தாள். சீப்பை எடுத்து, நுனியிலிருந்து, மெதுவாகச் சிக்கெடுத்தாள். வெளியே ஊர் கூடிவிட்டது. ஐந்து நாள் கழியாமல் தொடக்கூடாது என்றது ஒரு குரல், மாமியார் குரல் மாதிரி இருந்தது. சிக்கெடுத்து முடித்து, இறுக்கமாக ஒரு பின்னல் போட்டுவிட்டு, சீனியம்மா எழுந்தாள். தன் கையை நீட்டினாள்.

"எங்க போறோம்?" என்றாள் பாண்டிமீனா.

"நான் இருக்கிற எடத்துக்கு. ரகுமத் பெரியம்மா சோறு வடிச்சிருக்கும்."

"பள்ளிக்கூடம்?"

"நடந்து வந்துட்டு நடந்து போ. நடக்குற தூரந்தான்."

பாண்டிமீனா அந்தக் கையைப் பார்த்தாள், கரி ஏறிக் கறுத்துப்போயிருந்த கை. பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் ஊர் நடுவாக, கூட்டம் தானாக விலகிக்கொடுக்க, பட்டப்பகலில் நடந்தார்கள். கண்மாய் வற்றிப்போகும் என்று யாரோ கத்தினார்கள். பாண்டிமீனா ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், சீனியம்மா திரும்பவில்லை. அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.